யின்மெய்க்கு ஓர் அறை

தாய்ச்சுங்
4 செப்டம்பர் 2004

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும். முதல் வரியே பொய்யாக வேண்டாம் என்று அதை விட்டுவிடுகிறேன். நீயும் அண்ணியும் சுகம்தானே?

வியாழக்கிழமை டாக்டரிடம் போனேன். இனி அறுவை செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார். குரல்வளையை எடுத்த பிறகு மிச்சமிருந்த இடத்திலும் பரவிவிட்டதாம். இன்னும் எவ்வளவு நாள் என்று சிலேட்டில் எழுதிக் காட்டினேன். நல்ல மனுஷர், மழுப்பவில்லை. "புது வருஷம் பாத்துருவீங்க. அதுக்கு மேல நான் வாக்குக் குடுக்க முடியாதும்மா" என்றார். நம் புது வருஷம், அதாவது பிப்ரவரி. பதினோரு வருஷம் பஸ் கண்டக்டராக நின்று "உள்ள போங்க, உள்ள போங்க" என்று கத்தினவளின் தொண்டைக்கு இப்படி ஒரு முடிவு. நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது, சத்தம்தான் வரவில்லை.

இங்கே புழுக்கம் தாங்கவில்லை. நான் குடியிருக்கிற நாலாவது மாடிக்குக் கீழே மோட்டார் ரிப்பேர் கடை. கழுத்தில் போட்டிருக்கிற துளை வழியாகத்தான் மூச்சு. புகையும் சூடும் நேரே உள்ளே போகிறது. துளை காய்ந்து போய் இருமினால் ரத்தம் வருகிறது. ஈரமான குளிர் காற்று நல்லது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஈரமான குளிர் காற்று என்றதும் எனக்கு உன் மலைதான் ஞாபகம் வந்தது. மத்தியானம் மூன்று மணிக்கெல்லாம் மூடுபனி வந்து கோஸ் வயலை மூடிவிடுமே, அதற்குள் உட்கார்ந்து மூச்சு விட வேண்டும் போல இருக்கிறது.

அதனால் ஓர் உதவி. உன் பக்கத்தில் எனக்குத் தங்க ஓர் இடம் பார்த்துக் கொடு. ஐந்து மாதத்துக்கு. தரைத்தளமாக இருக்கட்டும், ஒரு ஜன்னல், தண்ணீர் காய்ச்ச ஒரு கெண்டி. வாடகை கொடுக்க என்னால் முடியும். உன் வீட்டை நான் கேட்கவில்லை, பயப்படாதே. உன் விடுதியில் ஏழு அறை இருப்பதை நான் ஞாபகப்படுத்தவும் இல்லை.

போனில் பேச வழியில்லாத ஆளாகிவிட்டேன். கடிதம்தான் இனிமேல். சீக்கிரம் பதில் போடு.

உன் தங்கை,
யின்மெய்


மேகவாசல் விடுதி
13 செப்டம்பர்

அன்புத் தங்கை யின்மெய்க்கு அண்ணன் பெங் வான்ஷெங் எழுதுவது.

உன் கடிதம் வந்தபோது கோஸ் வயலில் இருந்தேன். வரப்பில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். அதற்குப் பிறகு அன்றைக்கு வேலை ஓடவில்லை. டாக்டர் சொல்வதெல்லாம் அப்படியே நடந்துவிடாது. கீழ்ப்பண்ணை லியாவோவுக்கு ஆறு மாதம் என்று கெடு வைத்தார்கள். எட்டு வருஷமாக மலை முழுக்க எல்லோரையும் வைதுகொண்டு திரிகிறார்.

இடம் பார்க்கச் சொன்னாய். நீ சொல்லாவிட்டாலும் நம் வீட்டைத்தான் முதலில் நினைத்தேன். ஆனால் இந்த மாதக் கடைசியில் வருகிற நிலா விழாவிலிருந்து எல்லா அறைகளுக்கும் ஆள் பதிந்துவிட்டார்கள். வருகிறவர்கள் சும்மாவா இருக்கிறார்கள்? முற்றத்தில் அடுப்பைப் போட்டுக் கறி வாட்டுகிறார்கள், மைக்கைப் பிடித்துப் பாடுகிறார்கள். அண்ணிக்கும் முட்டி வலி. உனக்கு அமைதி வேண்டும், அது இங்கே கிடைக்காது.

அதனால் சனிக்கிழமையே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். மேல் வளைவில் தைபேக்காரர் ஒருவர் கூர்க்கோபுரமெல்லாம் வைத்துக் கோட்டை மாதிரி விடுதி கட்டியிருக்கிறார். கட்டில் நல்ல கட்டில். படுத்தே பார்த்தேன். அவர் வாசலில் நின்றுகொண்டு, "என்ன பெங் அண்ணே, அண்ணி வீட்டை விட்டு விரட்டிட்டாங்களா?" என்று கேட்டார். என் தங்கைக்கு என்றேன். "தங்கச்சிக்கா? ஏன், உங்க வீட்டுல இடமில்லையா?" என்றார். நான் எழுந்து போய்க் குழாயைத் திறந்து வெந்நீர் எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பார்த்தேன். உடனே வருகிறது. ஆனால் அறைக்கு ஏற நாற்பத்திரண்டு படி. அது சரிப்படாது.

அடுத்தது தேயிலைச் சரிவில் உள்ள மரவீடு. தரைத்தளம்தான், ஜன்னலும் பெரியது. ஆனால் சுற்றுலா பஸ்கள் வளைவில் திரும்பும்போது ஹாரன் அடிக்கிற இடம் அது. பக்கத்து வயலுக்குக் கோழி எருவும் போட்டிருக்கிறார்கள். கழுத்துத் துளை வழியாக மூச்சு விடுகிறவளுக்கு அந்த நாற்றம் ஆகாது என்று விட்டுவிட்டேன்.

இன்னும் பார்க்கிறேன். உன்னால் எத்தனை படி ஏற முடியும் என்று எழுது. அண்ணி உலர்ந்த காளான் ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறாள். கஞ்சியில் போட்டுக் குடி.

அன்புடன் உன் அண்ணன்,
வான்ஷெங்


தாய்ச்சுங்
20 செப்டம்பர்

அன்புள்ள அண்ணாவுக்கு,

காளான் வந்தது, அண்ணிக்கு என் நன்றி. கோட்டையின் படியை எண்ணியிருக்கிறாய், வெந்நீரைச் சோதித்திருக்கிறாய், கோழி எருவை மோந்து பார்த்திருக்கிறாய். அந்தத் தைபேக்காரர் கேட்டதற்கு என்ன பதில் சொன்னாய் என்பதை மட்டும் எழுதவில்லை.

அண்ணா, சுற்றி வளைத்துப் பேச உனக்கு நேரமிருக்கும், எனக்கு இல்லை. உன்னால் சொல்ல முடியாததை நானே சொல்லிவிடுகிறேன். கட்டிக்கொடுத்த பெண் பிறந்த வீட்டில் சாகக் கூடாது. செத்தால் அந்த வீடு விளங்காது. புருஷன் வீட்டில்தான் சாக வேண்டும், அங்கேதான் முன்னோர் பூசை மேடையில் அவள் பெயர்ப் பலகை ஏற வேண்டும். எனக்குப் புருஷன் வீடு இல்லாமல் போய் இருபத்து மூன்று வருஷம் ஆகிறது. கேட்க ஒரு பிள்ளையும் இல்லை. அவனுடைய இரண்டாவது பெண்டாட்டியா என் பெயரை மேடை ஏற்றப் போகிறாள்? நம் வீட்டு மேடையில் அப்பா அம்மா பக்கத்தில் வெளியே போன பெண்ணுக்கு இடமில்லை. இதெல்லாம் தெரியாதவளா நான்?

செத்த பிறகு இருக்க இடத்தை நானே பார்த்துவிட்டேன். துறைமுகத்துப் பக்கம் ஒரு கோயிலின் அஸ்தி மண்டபத்தில் மூன்றாம் வரிசையில் ஒரு மாடம். கடலைப் பார்த்த மாதிரி இருக்கும் என்றார்கள். போய்ப் பார்த்தால் கார் நிறுத்துமிடம்தான் தெரிகிறது. பரவாயில்லை, பஸ்ஸில் வேலை பார்த்தவள்தானே.

உன்னிடம் நான் கேட்பது உயிரோடு இருக்கிறவரைக்கும் ஒரு கட்டில். முடிவு நெருங்குகிறது என்று தெரிந்தால் ஆம்புலன்ஸில் ஏற்றிக் கீழே அனுப்பிவிடு. உன் வாசற்படியில் உயிரை விடமாட்டேன். முன்பின் தெரியாதவனெல்லாம் காரை நிறுத்திவிட்டு வந்து உன் மெத்தையில் தூங்கிவிட்டுப் போகிறான். கூடப் பிறந்தவளுக்கு ஊரெல்லாம் அலைந்து அறை தேடுகிறாய். ஓர் அறை தருவாயா, மாட்டாயா? முடியாது என்றால் வேறு இடம் பார். எனக்கு அதில் வருத்தமில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். வருத்தம்தான்.

படி கேட்டாயே, இங்கே லிஃப்டில்தான் ஏறி இறங்குகிறேன், படியென்றால் ஐந்து ஏறுவேன். ஆறாவதில் உட்கார்ந்துவிடுவேன்.

உன் தங்கை,
யின்மெய்


மேகவாசல் விடுதி
3 அக்டோபர்

அன்புத் தங்கை யின்மெய்க்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. நல்ல செய்தியோடு எழுதலாம் என்று காத்திருந்தேன். அந்த நல்ல செய்தி நான்கு நாள் கையில் இருந்தது, பிறகு போய்விட்டது.

ஃபான் அம்மாவை உனக்குத் தெரியாது. புருஷன் போன பிறகு மூன்று அறை வைத்து விடுதி நடத்துகிறார். எல்லாம் தரைத்தளம். ஜன்னலைத் திறந்தால் பேரித்தோட்டம். ரோட்டிலிருந்து தள்ளி இருப்பதால் சத்தமே கிடையாது. உனக்காகவே கட்டின மாதிரி இருந்தது. என் தங்கை பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், தொண்டை புண்ணாகி இருப்பதால் பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று சொன்னேன். பொய்தான், வேறு என்ன செய்வது? அந்த அம்மாவும் சந்தோஷமாகச் சரி என்றார். குளியலறையில் நீ பிடித்துக்கொள்ள இரண்டு கைப்பிடி அடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நிலா விழா முடிந்த மறுநாள் அவர் நேரே நம் வீட்டுக்கு வந்துவிட்டார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். விருந்தாளிகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே கேட்டார்.

"பெங் அண்ணே, உங்க தங்கச்சிக்குத் தொண்டைப் புண்ணா, வேற ஏதாவதா?"

"உக்காருங்க, பேசிக்கலாம்" என்றேன்.

"உக்கார வரல. உங்களுக்கு ஏழு ரூம் இருக்கு. எனக்கு மூணுதான் இருக்கு. உங்க தங்கச்சி சாகுறதுக்கு என் வீடுதான் கெடைச்சுதா? உங்க வீட்டுக்கு ஆகாதுன்னா என் வீட்டுக்கு மட்டும் ஆகுமா?"

நான் விருந்தாளிகளுக்குத் தேநீர் ஊற்றப் போனேன். "கைப்பிடி இருக்கட்டும், எனக்கே உதவும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நீ நேரடியாகக் கேட்டதற்கும் பதில் எழுத வேண்டும். அண்ணியிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. பெண்கள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். இது நானும் அவளும் முடிவு செய்கிற விஷயமில்லை என்று அப்பாவிடமே கேட்டுவிட்டேன். குளித்துவிட்டு, ஊதுபத்தி ஏற்றி, மேடைக்கு முன்னால் மண்டி போட்டு, யின்மெய் வந்து தங்கலாமா என்று கேட்டுப் பிறைக்கட்டைகள் இரண்டையும் தரையில் போட்டேன். ஒன்று குப்புறவும் ஒன்று மல்லாக்கவும் விழுந்தால் சம்மதம். எனக்கு இரண்டும் குப்புறவே விழுந்தன. மூன்று தடவை போட்டேன், மூன்று தடவையும் அப்படித்தான்.

அப்பாவே வேண்டாம் என்கிறபோது நான் என்ன செய்ய முடியும்? மனசைத் தளரவிடாதே. மலைக்கு அந்தப் பக்கமும் இரண்டு இடம் இருப்பதாகச் சொல்கிறார்கள், போய்ப் பார்க்கிறேன்.

உன் அண்ணன்,
வான்ஷெங்


தாய்ச்சுங்
9 அக்டோபர்

அண்ணாவுக்கு,

இனி இடம் தேட வேண்டாம். ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டேன். ஆறாவது மாடி, நீளமான வார்டு, மூன்றாவது கட்டில். இங்கே குளிர்சாதனம் இருக்கிறது.

அப்பா அப்படிச் சொல்வார் என்று நான் நினைக்கவில்லை. விவாகரத்து ஆகி நான் ஒரு பெட்டியோடு வந்து நின்றபோது ஊரே முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவர் மட்டும்தான் பெட்டியை வாங்கி உள்ளே வைத்து, "சாப்பிட்டியா?" என்று கேட்டார். செத்த பிறகு மனசு மாறிவிடும் போலிருக்கிறது. அவரே வேண்டாம் என்றால் சரி. நீ வருத்தப்படாதே, உன் மேல் ஒன்றுமில்லை. ஏதேதோ எழுதி உன்னைச் சங்கடப்படுத்திவிட்டேன், மறந்துவிடு.

யின்மெய்


மேகவாசல் விடுதி
21 அக்டோபர்

அன்புத் தங்கை யின்மெய்க்கு,

உன் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன்.

நம் பேரித்தோட்டத்தில் பழப்பெட்டி அடுக்குகிற கொட்டகை இருந்ததே, அதைப் பிரித்துவிட்டு அங்கே உனக்கு ஒரு தனி அறை கட்டிவிட்டேன். பத்து நாளாக மகனும் நானும்தான் வேலை செய்தோம். பலகைச் சுவர், இரட்டைப் பலகை, நடுவில் பஞ்சு வைத்திருக்கிறது. தகரக் கூரை புதிது. மின்சாரம் இழுத்தாகிவிட்டது. கழிவறை பக்கத்திலேயே. படி ஒன்றுகூடக் கிடையாது. ஜன்னலைப் பெரிதாக வைத்தேன், மூடுபனி நேரே உள்ளே வரும். நம் நிலம்தான், ஆனால் வீட்டுச் சுவரைத் தாண்டி வெளியே இருக்கிறது. அதை வீடு என்று யாரும் சொல்ல முடியாது. அப்பாவும் ஒன்றும் சொல்லமாட்டார், ஊரும் ஒன்றும் சொல்லாது. கடைசி வரைக்கும் நீ அங்கேயே இருக்கலாம், கீழே போக வேண்டியதில்லை. நானே கொண்டுவந்து சாப்பாடு தருவேன்.

இருபத்தொன்பதிலிருந்து முப்பத்தொன்று வரை அண்ணியின் அண்ணன் மகனுக்குக் கல்யாணம், குடும்பத்தோடு கீழே தோங்ஷிக்குப் போகிறோம். மருமகள் துயெத் மட்டும் விடுதியைப் பார்த்துக்கொள்ள இருப்பாள். வியட்நாமிலிருந்து வந்து எட்டு மாதம்தான் ஆகிறது, கெட்டிக்காரி. நவம்பர் முதல் தேதிக்கு மேல் என்றைக்கு வேண்டுமானாலும் சொல், லாரியை எடுத்துக்கொண்டு வந்து கூட்டிப்போகிறேன். முன் இருக்கையில் மெத்தை போட்டுக் கொண்டுவருகிறேன்.

இந்தத் தடவை இல்லை என்று சொல்லாதே.

உன் அண்ணன்,
வான்ஷெங்


தாய்ச்சுங்
3 நவம்பர்

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ கட்டின அறையைப் பார்த்தேன். வேலை சுத்தம், ஜன்னல் பெரியது. வாசலில் நின்று பார்த்தபோது நாய்க்கு வீடு கட்டினால் இதைவிட ஒழுங்காகக் கட்ட முடியாது என்று தோன்றியது. இப்படி எழுதுவது தப்புத்தான். பத்து நாள் பாடுபட்டிருக்கிறாய். ஆனால் அப்படித்தான் தோன்றியது.

எப்போது பார்த்தாள் என்று யோசிக்கிறாயா? நீங்களெல்லாம் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது. இங்கே வார்டில் உதவியாளாக இருக்கிற சூ என்கிற பெண் அவள் பெயரில் உன் விடுதிக்குப் போன் செய்து அறை பதிந்தாள், அவளே காரில் கூட்டிவந்தாள். பதில் எழுதுவதற்கு முன்னால் அந்த அறையை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்றுதான் வந்தேன். பார்த்த பிறகு அதில் படுக்க மனசு வரவில்லை. இரண்டு ராத்திரி உன் விடுதியின் ஐந்தாம் எண் அறையில் விருந்தாளியாகத் தங்கினேன். எல்லோரையும் போல வாடகை கொடுத்தேன்.

துயெத்தைத் திட்டாதே. அவளுக்கு என்னைத் தெரியாது. சிலேட்டில் எழுதிக் காட்டினேன். "மெதுவா எழுதுங்க அத்தை, எனக்கு எழுத்து பாதிதான் தெரியும்" என்றாள். எனக்குச் சோறு இறங்காததைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே கஞ்சியைத் துணியில் வடிகட்டிக் கொண்டுவந்தாள். "எங்க அம்மாவுக்கும் கடைசில இப்படித்தான் குடுப்பேன்" என்றாள். கடைசியில் என்று சொல்லிவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். எனக்கு அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. நல்ல பெண் கிடைத்திருக்கிறாள் உனக்கு.

இரண்டு நாளும் மத்தியானம் மூடுபனி வந்தது. முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வாங்க வேண்டிய மூச்சையெல்லாம் வாங்கிக்கொண்டேன். இருமலே வரவில்லை.

ஒரு காரியம் செய்துவிட்டேன், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கிளம்புகிற அன்று காலையில் துயெத் துணி காயப்போடப் போயிருந்தாள். கூடத்தில் யாருமில்லை. மேடைக்கு முன்னால் மண்டி போட்டேன். அப்பாவிடம் பேசக் குரல் இல்லை, மனசுக்குள்ளேயே கேட்டேன். நான் இந்த வீட்டுக்கு வரலாமா அப்பா என்று. கட்டைகளைப் போட்டேன். ஒன்று குப்புற, ஒன்று மல்லாக்க. மறுபடி போட்டேன், அப்படியே. மூன்றாவது தடவையும் அப்படியே விழுந்தது. மூன்றும் சம்மதம், அண்ணா.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் கேட்டபோது சரி என்கிறவர் நீ கேட்டபோது ஏன் இல்லை என்றார்? நீ அவரிடம் என்ன கேட்டாய்? கோபத்தில் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். இங்கே வந்து சேர்ந்ததிலிருந்து மூச்சு வாங்குவது அதிகமாகியிருக்கிறது. சீக்கிரம் எழுது.

உன் தங்கை,
யின்மெய்


மேகவாசல் விடுதி
8 நவம்பர்

யின்மெய்,

நீ வந்துவிட்டுப் போன விஷயம் உன் கடிதம் வரும்வரைக்கும் இங்கே யாருக்கும் தெரியாது. துயெத்திடம் கேட்டேன். "கழுத்துல சால்வை கட்டிக்கிட்டு ஒரு அத்தை வந்தாங்க, கூடத்துல ரொம்ப நேரம் உக்காந்திருந்தாங்க, போகும்போது எல்லாச் சுவரையும் தொட்டுப் பாத்தாங்க" என்றாள். நான் ஐந்தாம் எண் அறையில் போய் உட்கார்ந்தேன். மெத்தை விரிப்பெல்லாம் மாற்றி வேறு ஆள் தங்கிவிட்டுப் போயிருந்தார்கள்.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். நான் உன்னிடம் பொய் சொன்னேன். அன்றைக்கு அப்பாவிடம் நான் சரியாகத்தான் கேட்டேன், யின்மெய் வரலாமா என்று. முதல் தடவை சம்மதம் வந்தது. இரண்டாவது தடவையும் சம்மதம். மூன்றாவதும். அதோடு எழுந்திருக்க வேண்டியதுதான். அண்ணி பின்னால் நின்றுகொண்டிருந்தாள். "அப்பாதான் சரின்னுட்டாரே, அந்த மாடிப்படிக்குக் கீழ இருக்கிற ரூமைத் தொடைக்கட்டுமா?" என்று கேட்டாள். நான் அவளைப் பேசாதே என்று சொல்லிவிட்டுக் கட்டைகளைப் பொறுக்கி மறுபடியும் போட்டேன். கட்டைகளைச் சரியாகப் பிடிக்காததால் அப்படி விழுந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போட்டுக்கொண்டே இருந்தேன். பத்தொன்பது தடவை போட்ட பிறகுதான் தொடர்ந்து மூன்று 'இல்லை' கிடைத்தது. அதை எடுத்து உனக்கு எழுதிவிட்டேன். அண்ணி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவள் தலையில் பழியைப் போட்டதும் நான்தான். அவள் ஒருநாளும் உன்னை வேண்டாம் என்று சொன்னதில்லை.

ஏன் செய்தேன் என்று கேட்பாய். வீட்டில் சாவு என்றால் விருந்தாளி வரமாட்டான் என்று பயந்தேன். வீட்டுக்கு ஏதாவது கெடுதல் வருமோ, மகனுக்குப் பிள்ளை பிறக்காமல் போய்விடுமோ என்று பயந்தேன். இதெல்லாம் உண்மைதான், ஆனாலும் முழு உண்மையில்லை. அம்மா சாகும்போது நான் பக்கத்தில் இல்லை, கோஸ் ஏற்றப் போயிருந்தேன். அப்பாவுக்கும் அப்படியே. இரண்டு தடவையும் நீதான் பக்கத்தில் இருந்தாய், நான் வேலை இருக்கிறது என்று எழுந்து போய்விட்டேன். இந்தத் தடவை எழுந்து போக முடியாது. நீ மூச்சுக்குத் திணறுவதை என் கண்ணால் பார்க்க எனக்குத் தைரியமில்லை. அறுபத்து மூன்று வயதில் இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

மாடிப்படிக்குக் கீழே உள்ள அறையை அண்ணி துடைத்துவிட்டாள். ஜன்னலுக்குத் திரை தைத்துப் போட்டிருக்கிறாள். வருகிறவர்களை எல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம், பிப்ரவரி முடிய விடுதி மூடியிருக்கும். உன்னை ஆம்புலன்ஸில் ஏற்றிக் கீழே அனுப்பமாட்டேன். நடக்கிறது நம் வீட்டிலேயே நடக்கட்டும், ஊர் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். உன் பெயர்ப் பலகையையும் அப்பா பக்கத்தில் வைக்கலாமா என்று பூசாரியிடம் கேட்டிருக்கிறேன். அவர் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் வைப்பேன்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கெல்லாம் ஆஸ்பத்திரி வாசலில் லாரி நிற்கும். அண்ணியும் வருகிறாள். துணிமணியை எடுத்து வைத்திரு. வருகிறாய்தானே?

வான்ஷெங்


தாய்ச்சுங், ஆறாவது மாடி
11 நவம்பர்

அண்ணாவுக்கு,

படுத்துக்கொண்டே எழுதுகிறேன், வரி கோணும். சூ இதைத் துரிதத் தபாலில் சேர்க்கப் போகிறாள், நாளைக்கு உன் கையில் இருக்கும்.

சனிக்கிழமை வராதே. வந்தாலும் மேலே விடமாட்டார்கள், சொல்லி வைத்திருக்கிறேன்.

அப்பா வேண்டாம் என்றார் என்று நீ எழுதினபோது ஒரு வாரம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். ஐம்பத்தாறு வயதில் அப்பா வேண்டாம் என்றுவிட்டாரே என்று அழுதேன். எனக்குத்தான் சத்தம் வராதே, பக்கத்துக் கட்டில்காரிக்குக்கூடத் தெரியாது. செத்துப்போனவர் சொன்னால் என்ன செய்ய முடியும் என்று அதையும் விழுங்கிக்கொண்டேன். இப்போது பார்த்தால் அவர் வா என்றுதான் சொல்லியிருக்கிறார். அதை நீ அப்போதே சொல்லியிருந்தால் நடந்தே வந்திருப்பேன். அவர் சொன்னதைத் தரையிலிருந்து பொறுக்கி எடுத்து நீ திரும்பப் போட்டிருக்கிறாய்.

பயமாக இருந்தது என்று எழுதியிருக்கிறாய். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. கூட இருந்து பயப்பட ஓர் ஆள் வேண்டும் என்றுதான் வீட்டைக் கேட்டேன்.

அண்ணியைப் பற்றி மனசுக்குள் கெட்டதாக நினைத்துவிட்டேன், அவளிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். தைத்த திரையைக் கழற்ற வேண்டாம். விடுதியைத் திற, விருந்தாளிகள் வரட்டும். துயெத்துக்கு எழுத்துச் சொல்லிக்கொடு. பூசாரியிடம் ஒன்றும் பேச வேண்டாம், மூன்றாம் வரிசை மாடம் எனக்குப் போதும்.

நீ நல்லவன்தான், அண்ணா. அதனால்தான் இதை எழுதுவது கஷ்டமாக இருக்கிறது. மறுபடி கடிதம் போடாதே, லாரியும் அனுப்பாதே. அப்பாவைப் பத்தொன்பது தடவை கேட்டாய். என்னை இரண்டாவது தடவை கேட்காதே.

யின்மெய்